விறகூர்க் கல்

திருவதிகைக்குப் போகிறவர்கள் சாதாரணமாக இரண்டு காரியங்களை உத்தேசித்துப் போவார்கள். கெடில நதிக்கரையில் எழுந்தருளியிருக்கும் வீரட்டானேசுவரரைத் தரிசிப்பது ஒன்று. திரும்பும் வழியில் பண்ணுருட்டியில் பலாப்பழம் வாங்குவது மற்றொன்று. முதலாவது ஆத்மாவுக்கு, இரண்டாவது வீட்டிலுள்ளவர்களின் திருப்திக்கு. சென்ற வைகாசியில் நாமும் இவ்விரண்டையும் கருதியே புறப்பட்டோம். தரிசனம் திவ்யமாக நடந்தது. பழமும் கிடைத்தது. ஆனால் ஊர் திரும்பியபோது, இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது பொருள் ஒன்று நம்முடன் வந்துவிட்டது. அது ஓர் இங்கிலீஷ் வார்த்தை. பழத்தை இரண்டு நாளில் தீர்த்துவிட்டோம். வார்த்தையைத் தீர்க்க ஒரு மாதம் பிடித்தது.

வார்த்தைகளுக்கும் திருவதிகைக்கும் பழைய உறவு உண்டு. மருள்நீக்கியார் என்று பிள்ளைத் திருநாமம் பெற்று, தருமசேனர் என்று சமணர்களிடையே தலைமை பெற்று, சூலை நோயால் துடித்துத் தமக்கையாரான திலகவதியாரின் காலடியில் வந்து விழுந்தவர், 'நாவுக்கரசர்' என்னும் பெயரைப் பெற்றது இந்தத் தலத்தில்தான் என்பது பெரிய புராண வரலாறு. உலகத்தில் மண்ணுக்கு அரசர்கள் எத்தனையோ பேர் வந்து போனார்கள். நாவுக்கு அரசர் என்று பட்டம் சூட்டிய ஊர் வேறொன்று இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. 'உண்மை விளக்கம்' என்னும் சித்தாந்த நூலைச் செய்த மனவாசகங்கடந்தாரும் இவ்வூரினரே. ஆகவே, வார்த்தையை ஆண்டவரும் இங்கே உண்டு. வார்த்தையைக் கடந்தவரும் இங்கே உண்டு. இரண்டும் இயலாத நம்மைப் போன்றவர்கள் அகராதியைப் புரட்ட வேண்டியதுதான்.

தரிசனம் முடிந்து, வெயில் தாழட்டும் என்று மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம். சற்றுத் தூரத்தில் ஒரு முதியவரும் அவருடைய பேத்தியும் இருந்தனர். முதியவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் என்பது பிறகு தெரிந்தது. பெண்ணுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது என்னும் பயத்தினாலோ என்னவோ, கோயிலுக்கும் புஸ்தகத்தைக் கொண்டு வந்திருந்தாள். "லிக்னைட் கிடைக்கும் இடம் நெய்வேலி, லிக்னைட் கிடைக்கும் இடம் நெய்வேலி" என்று ஸ்தோத்திரம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தவள், திடீரென்று நிறுத்தி, "தாத்தா! லிக்னைட் என்றால் என்ன?" என்று கேட்டாள்.

"பழுப்பு நிலக்கரி, அம்மா."

"அது எனக்குத் தெரியும், தாத்தா. அதற்கு ஏன் லிக்னைட் என்று பெயர்? அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

முதியவர் சிறிது யோசித்தார். பிறகு, கையில் இங்கிலீஷ் பத்திரிகையுடன் உட்கார்ந்திருந்த நம்மைப் பார்த்தார். "ஐயா, மன்னிக்க வேண்டும். எனக்குத் தமிழ்தான் தெரியும். குழந்தை கேட்பதற்குத் தாங்கள் பதில் சொல்லக் கூடுமா?" என்றார்.

நேயர்களே! ஏறக்குறைய ஐம்பது வருஷ காலமாக நாம் இங்கிலீஷ் படித்தும் எழுதியும் வருகிறோம். லிக்னைட் என்னும் வார்த்தையை ஆயிரம் தடவையாவது உச்சரித்திருப்போம். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு தடவைகூட நம் மனம் கேட்டதில்லை. 'அது ஒரு பெயர். அவ்வளவுதான்' என்று சொல்ல வாயெடுத்தோம். அந்தக் குழந்தையின் கண்களைப் பார்த்ததும் சொல்ல மனம் வரவில்லை. "பார்த்துச் சொல்கிறேன், அம்மா" என்று வாக்களித்து எழுந்து வந்துவிட்டோம்.

வாக்களித்ததன் பயனாக நாம் அறிந்துகொண்டவற்றை இனி நேயர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

லிக்னைட் என்பது இரண்டு துண்டுகளை ஒட்டிச் செய்த வார்த்தை. முன் துண்டு லத்தீன் பாஷை. பின் துண்டு கிரேக்க பாஷை. முன்னதற்கு மூலம் 'லிக்னும்' என்னும் சொல். அதற்கு விறகு என்று பொருள். மரம் என்றும் சொல்வதுண்டு. ஆனால் விறகு என்பதே அதன் உயிர். ரோமாபுரிச் சட்ட அறிஞராகிய அல்பியன் என்பவர், கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் இதைப் பற்றி ஒரு விளக்கமே எழுதி வைத்திருக்கிறார். ஒருவன் தன் உயிலில் 'என் மரத்தையெல்லாம் இன்னாருக்குக் கொடுக்க வேண்டும்' என்று எழுதிவிட்டு இறந்துபோனால், எதைக் கொடுப்பது என்னும் வழக்கு அங்கேயும் எழுந்திருக்கிறது! வீடு கட்டவும் முட்டுக் கொடுக்கவும் வேண்டிய மரத்துக்கு 'மாட்டீரியா' என்று பெயர். எரிப்பதற்கென்று ஆயத்தம் செய்து வைத்தது எதுவோ அதற்கு 'லிக்னும்' என்று பெயர் என்பது அவர் தீர்ப்பு. உத்தரத்துக்கு உதவுவது வேறு, அடுப்புக்கு உதவுவது வேறு என்று நம் ஊர்த் தச்சரும் சொல்வார்.

மாட்டீரியாவின் சந்ததி இங்கிலீஷில் மிகப் பெரிய மனிதர்களாகிவிட்டார்கள். 'மேட்டர்' என்றும் 'மெட்டீரியல்' என்றும் உலகிலுள்ள ஜடப் பொருள் யாவும் இன்று அந்தப் பெயரில் அடக்கம். அடுப்புக்குப் போன லிக்னும் அப்படிப் பெரிய பதவி எதுவும் அடையவில்லை. விறகின் கதி எங்கும் அதுதான் போலும். ஆயினும் ஹொரேஸ் என்னும் லத்தீன் கவி அதை ஒரு கேலிக்குப் பயன்படுத்தியிருக்கிறார். ஏற்கெனவே கவிகள் நிறைந்த கிரேக்க பாஷையில் தாமும் கவி பாடப் போவது, காட்டுக்கு விறகு சுமந்து போவதைவிடப் பைத்தியக்காரத்தனம் என்பது அவர் கருத்து. நாம் 'கொல்லன் தெருவில் ஊசி விற்பது' என்கிறோமே, அதற்குத் தம்பி முறை.

நிற்க. லிக்னும் என்னும் சொல் எங்கிருந்து பிறந்தது? இதற்கு விடை சொல்லியிருப்பவர் ஜூலியஸ் ஸீஸரின் காலத்தவரான வாரோ என்னும் பண்டிதர். லத்தீனில் 'லெகெரே' என்று ஒரு வினைச்சொல் உண்டு. பொறுக்குதல், சேர்த்தல், தொகுத்தல் என்பன அதன் பொருள்கள். காட்டிலும் மேட்டிலும் தானாக விழுந்து கிடந்ததை அடுப்புக்காகப் பொறுக்கிச் சேர்த்தார்கள். பொறுக்கப்பட்டதாகையால் அதற்கு லிக்னும் என்று பெயர் வந்தது என்று அவர் எழுதினார். பழைய பண்டிதர்கள் சொன்ன சொற்பிறப்புகளில் பாதி, பிற்காலத்தார் நகைக்கும்படியாக இருக்கும். ஆனால் இது ஒன்றை மட்டும் இக்காலத்து மொழிநூலாரும் பெரும்பாலும் ஒப்புக்கொள்கின்றனர்.

இந்த லெகெரேயின் குடும்பம் மிகப் பெரிது. எழுத்துக்களைக் கண்ணால் பொறுக்குவதால் வாசிப்பதற்கும் லத்தீனில் அதே சொல்தான். கல்லூரியில் கேட்கும் 'லெக்சர்' அதன் வழிவந்தது. பலரிலிருந்து ஒருவரைப் பொறுக்கியெடுக்கும் 'எலெக்ஷன்' அதன் வழிவந்தது. வரியைச் சேர்ப்பதற்கென்று வெள்ளைக்காரர்கள் ஜில்லாவுக்கு ஒருவராக நியமித்தார்களே, அந்தக் 'கலெக்டர்' என்னும் பெயரும் அதன் வழிவந்ததே. ஆகவே, கடலூர் ஜில்லாவின் கலெக்டரும், கடலூர் ஜில்லாவின் லிக்னைட்டும் வார்த்தை முறையில் பங்காளிகள்! இந்த உறவு நமக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு அது வேடிக்கையாக மட்டும் இருக்கவில்லை. அதைப் பின்னால் சொல்வோம்.

இனிப் பின் துண்டைப் பார்ப்போம். கிரேக்கத்தில் 'இட்டீஸ்' என்று ஒரு விகுதி உண்டு. 'இதைச் சேர்ந்தவன்', 'இவ்விடத்தான்' என்பது அதன் பொருள். 'போலிஸ்' என்றால் நகரம். 'போலிட்டீஸ்' என்றால் நகரத்தான், அதாவது பிரஜை. நாம் நாடன், ஊரன் என்றும், மதுரைக்காரர், திருவதிகைக்காரர் என்றும் சொல்கிறோமே, அது போலத்தான். இந்த விகுதியைக் கிரேக்கர்கள் கற்களுக்கும் சேர்த்தார்கள். இரத்தம்போல் சிவந்த கல்லுக்கு 'ஹைமட்டீட்டீஸ்' என்றார்கள். 'இரத்தத்தைச் சேர்ந்த கல்' என்று அர்த்தம். அதுவே இன்று இரும்புக் கனியான ஹெமடைட். இதைப் பார்த்துப் பிற்காலத்துப் பூமி சாஸ்திரிகள், எந்தக் கல்லைக் கண்டாலும் கடைசியில் 'ஐட்' என்று ஒரு வாலை ஒட்டிவிடுவது என்று வழக்கப்படுத்திக்கொண்டார்கள். எழுதுவதற்குப் பயன்படுவது கிராபைட். கரிபோல் கறுத்திருப்பது ஆந்திரசைட். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிஞர்கள், நெருப்பில் எரிவதும், உடைத்துப் பார்த்தால் மரத்தின் நார் தெரிவதுமான ஒரு பழுப்பு நிறக் கல்லுக்குப் பெயர் வைக்க வேண்டி வந்தபோது, லத்தீன் விறகுக்குக் கிரேக்க வாலை ஒட்டி 'லிக்னைட்' என்றார்கள். பிரெஞ்சிலிருந்து அது இங்கிலீஷுக்கு வந்தது. தமிழில் சொல்வதானால் 'விறகூர்க்காரர்' என்று சொல்லலாம். கல்லுக்குச் சொல்வதால் 'விறகூர்க் கல்' என்று வைத்துக்கொள்வோம்.

லத்தீனையும் கிரேக்கத்தையும் இப்படிக் கலப்பது கூடாது என்று மேல்நாட்டு இலக்கணப் புலவர்கள் மிகவும் வருத்தப்பட்டதுண்டு. ஒன்று முழுதும் கிரேக்கமாயிருக்க வேண்டும், அல்லது முழுதும் லத்தீனாயிருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. ஆனால் ஆட்டோமொபைலும் டெலிவிஷனும் அந்தக் கலப்பில் பிறந்தவைதாம். அவை ஓடவும் செய்கின்றன, பேசவும் செய்கின்றன. மணிப்பிரவாளத்தைப் பற்றிச் சண்டையிட்டுக்கொண்டே 'தபால் பெட்டி' என்றும் 'ரயிலடி' என்றும் சொல்லிவரும் நமக்கு இந்த விவகாரம் புதிதன்று.

கிரேக்கர்கள் இந்தப் பொருளையே அறிந்திருந்தார்கள் என்பதும் ஓர் ஆச்சரியம். அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோபிராஸ்டஸ் என்பவர் கற்களைப் பற்றி எழுதிய நூலில், ஒலிம்பியாவுக்குப் போகும் மலைவழியில் எலிஸ் என்னும் நாட்டில் மண்ணிலிருந்து தோண்டியெடுக்கும் கரியைப் பற்றிக் கூறுகிறார். கொல்லர்கள் அதை உலையில் இடுகிறார்கள் என்றும் சொல்கிறார். அது இந்தப் பழுப்பு நிலக்கரியாகவே இருக்க வேண்டும் என்பது பல அறிஞர்களின் கருத்து. அதாவது, கிறிஸ்து பிறப்பதற்கு முந்நூறு வருஷங்களுக்கு முன்பே பொருள் வந்துவிட்டது. பெயர் வருவதற்கு இன்னும் இரண்டாயிரம் வருஷங்களுக்கு மேல் பிடித்தது.

நம் நாட்டில் கதை வேறு விதமாக நடந்தது. இங்கே பெயர் முன்னே வந்து காத்திருந்தது. பொருள் மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. 1880-களில் புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர்ப் பகுதியில் ஊற்றுக் கிணறுகள் தோண்டியபோது, பிரெஞ்சுப் பொறியாளர் ஒருவர் இந்தக் கரியைக் கண்டார். பிரெஞ்சுக்காரர் வைத்த பெயருக்குரிய பொருளைத் தமிழ்நாட்டு மண்ணில் முதலில் அடையாளம் கண்டவரும் பிரெஞ்சுக்காரரே என்பது விந்தையான பொருத்தம். பிறகு அரை நூற்றாண்டு சென்றது. 1935-ஆம் ஆண்டில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டபோது, நீருடன் கறுப்பாக ஏதோ பொங்கி வந்தது. வேறொருவராயிருந்தால் 'தண்ணீர் கெட்டுவிட்டது' என்று கிணற்றைத் தூர்த்திருப்பார். அவர் அதைக் கையிலெடுத்துப் பார்த்தார். அதிகாரிகளிடம் கொண்டு போனார். விடாமல் எடுத்துச் சொன்னார். பின்னர் தம் நிலத்தையும் கொடுத்தார். 1956 நவம்பர் 14-ஆம் தேதி நெய்வேலி லிக்னைட் கார்ப்பொரேஷன் பதிவாயிற்று. 1957 மே 20-ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அப்போது காமராஜர் முதல் மந்திரி. 1961 ஆகஸ்டில் கரி கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த வருஷம் அதிலிருந்து மின்சாரம் பிறந்தது.

நாம் கண்ட விஷயங்களைக் குறித்துக்கொண்டு, ஆனி மாதத்தில் மறுபடியும் திருவதிகைக்குப் போனோம். இந்தத் தடவை பலாப்பழம் ஒரு வியாஜமே. முதியவர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தார். திண்ணையில் உட்கார்ந்தோம். பேத்தி பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாய்த் தாத்தாவின் அருகில் வந்து உட்கார்ந்தாள். விறகையும் விகுதியையும் சொன்னோம். கலெக்டர் பங்காளியாகும் கட்டம் வந்தபோது குழந்தை கலகலவென்று சிரித்தாள். விறகு எப்படிக் கல்லாகும் என்று அடுத்த கேள்வி பிறந்தது.

"கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் இந்தப் பிரதேசத்தில் சதுப்பு நிலமும் பெருங்காடும் இருந்தன, அம்மா. விழுந்த மரங்கள் நீரிலும் சேற்றிலும் அமிழ்ந்து, காற்றுப் படாமையால் முழுதும் மக்கிப் போகாமல் கிடந்தன. மேலே மண்ணும் மணலும் படிந்து அழுத்தின. மரத்திலிருந்த நீரும் காற்றும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறின; கரி மிஞ்சியது. இன்னும் பல கோடி வருஷம் ஆழத்தில் அழுந்திக் கிடந்திருந்தால் கன்னங்கரேலென்று ஆகியிருக்கும். பாதி வழியிலேயே நாம் எடுத்துவிட்டோம். அதனால்தான் நெய்வேலிக் கரியில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீராக இருக்கிறது" என்றோம்.

விழுப்புரம் ஜில்லாவில் திருவக்கரையைப் பற்றியும் சொன்னோம். அங்கே ஏறக்குறைய இரண்டு கோடி வருஷத்து மரங்கள் முழுக் கல்லாகிக் கிடக்கின்றன. வட்ட வட்டமான ஆண்டு வளையங்கள்கூடத் தெரியும். தட்டினால் கல்லின் ஓசை கேட்கும். மணலுக்குள் கிடந்த மரத்தின் நாளங்களில் மணிக்கல்லின் சத்து ஊறி நிரம்பியது அங்கே. சேற்றுக்குள் கிடந்த மரம் கரியானது இங்கே. அங்கே போன விறகு இனி ஒருநாளும் எரியாது. இங்கே வந்த விறகு எரிவதற்கென்றே எழுந்திருக்கிறது.

முதியவர் இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "இங்கிலீஷ்காரர் வார்த்தை மரத்தை நினைவில் வைத்திருக்கிறது. நம்முடைய வார்த்தை நிறத்தைத்தான் சொல்கிறது என்று குறைப்படுகிறீர்களா?" என்று கேட்டார்.

உண்மையில் நம் மனத்தில் அப்படியொரு குறை இருந்தது. ஒப்புக்கொண்டோம்.

"குறைப்பட வேண்டாம். பழுப்பு என்பது என்ன? பழு என்னும் வினையடியாகப் பிறந்த சொல். இலை பழுத்தால் என்ன நிறமோ அந்த நிறம் பழுப்பு. பழுத்த இலைக்கே பழுப்பு என்று பெயருண்டு. பச்சை இலை பழுத்து, பிறகு சருகாகி, மக்கிக் கறுக்கிறது. பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவில் இருக்கும் நிலை பழுப்பு. உங்கள் விறகும் பாதி வழியில் நிற்கிறது என்றீர்கள் அல்லவா? அங்கே மரத்தின் பெயர் இருக்கிறது. இங்கே இலையின் பெயர் இருக்கிறது. காட்டை இரண்டு பேரும் மறக்கவில்லை."

நாம் வாயடைத்துப் போனோம். அப்போதுதான் நமக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மரத்துக்கு விறைப்புக் கொடுக்கும் சத்துக்கு 'லிக்னின்' என்று பெயர். அதுவும் லிக்னும் வழிவந்ததே. மரக்கூழில் செய்த மலிவான காகிதத்தில் இந்தச் சத்து தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டு வருஷங்கள் ஆக ஆக, அதுவே காகிதத்தைப் பழுப்பாக்குகிறது. நேயர்கள் தங்கள் பாட்டனார் காலத்தில் பைண்டு செய்து வைத்த பழைய வாரப் பத்திரிகைகளைப் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தால், ஓரங்கள் பழுத்து உதிர்வதைக் காண்பார்கள். பரணிலே நடப்பதும் நெய்வேலியின் ஆழத்திலே நடந்ததும் ஒன்றல்ல. ஆனாலும் இரண்டு இடத்திலும் பழுத்தது ஒரே மரத்தின் சத்து. இதைச் சொன்னதும் குழந்தை எழுந்தோடி, வீட்டிலிருந்த ஒரு பழைய பஞ்சாங்கத்தை எடுத்து வந்து முகர்ந்து பார்த்தாள்.

1916-ஆம் ஆண்டில் சேலத்தில் வக்கீலாயிருந்த ராஜாஜி, சாஸ்திரப் பரிபாஷைகளைத் தமிழில் ஆக்குவதற்கென்று நண்பர்களுடன் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார். தமிழில் சாஸ்திரம் சொல்ல முடியுமா என்று அந்நாளில் பலர் சிரித்தார்கள். அதற்கு விடைபோலவே பின்னால் 'திண்ணை ரசாயனம்' என்று ஒரு புஸ்தகமும் எழுதினார். அன்று அந்தத் திருவதிகைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, அந்தத் தலைப்பின் அருமை நமக்கு விளங்கிற்று. ஒரு குழந்தைக்குத் தாய்மொழியில் ஒரு சொல்லைப் பிரித்துக் காட்டினால் போதும். அதற்குள்ளே இருக்கும் சாஸ்திரத்தை அது தானே கண்டுபிடித்துவிடுகிறது. பிரிக்காமல் உருப்போட்டால், லிக்னைட்டும் ஒன்றுதான், பழுப்பு நிலக்கரியும் ஒன்றுதான். இரண்டும் ஒரு மதிப்பெண் கேள்விக்கு விடை, அவ்வளவே.

இத்துடன் விடை பெற்றிருந்தால் இது ஒரு சந்தோஷமான கட்டுரையாக முடிந்திருக்கும். ஆனால் எழுந்திருக்கும் சமயத்தில் முதியவர், "அந்த வாரோ என்பவர் சொன்னதை இன்னொரு முறை சொல்லுங்கள்" என்றார்.

"தானாக விழுந்து கிடந்ததைப் பொறுக்கிச் சேர்த்ததால் அதற்கு அந்தப் பெயர்."

"தானாக விழுந்ததை" என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பிறகு சொன்னார்: "எனக்குப் பூர்வீகம் இந்த ஊர் அல்ல, ஐயா. இங்கிருந்து தெற்கே. செம்மண் பூமி, முந்திரித் தோப்புகள். என் தாயார் விடியற்காலையில் தோப்புக்குப் போய்ச் சுள்ளியும் சருகும் பொறுக்கி வருவாள். நானும் கூடப் போவேன். கீழே கிடப்பதை எடுக்கலாம்; கிளையிலிருப்பதை ஒடிக்கக் கூடாது. அது தோப்புக்காரன் போட்ட சட்டம் அல்ல. என் தாயார் போட்ட சட்டம். அவள் பொறுக்கிய இடத்துக்கு நேர்கீழே, இத்தனை கோடி வருஷத்து விறகு கிடந்தது என்று அவளுக்குத் தெரியாது. பிறகு சுரங்கம் வந்தது. கலெக்டர் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. நீங்கள் சொன்ன பங்காளிதான்! ஊர் போயிற்று. இப்போது அந்த இடத்தில் பள்ளம் இருக்கிறது. எங்கள் வீடு இருந்த இடம் ஆகாயத்தில் இருக்கிறது என்று இவளுக்கு வேடிக்கையாகச் சொல்வேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. "குறை சொல்லவில்லை, ஐயா. என் மகனுக்கு அங்கேதான் வேலை. நான் இராத்திரி பெரிய புராணம் வாசிப்பதும் அந்த வெளிச்சத்தில்தான். நாட்டுக்கு விளக்கு வேண்டும். அதற்கு எங்கள் ஊர் எரிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். திரிபுரம் எரித்த தலம்தானே இது! ஆனால் அது தானாக விழுந்ததல்ல, கிளையிலிருந்து ஒடித்தது. அதை மட்டும் மறந்துவிடக் கூடாது" என்றார்.

நாம் என்ன பதில் சொல்வது? நெய்வேலிச் சுரங்கத்தில் கரி இருப்பது பல பத்து மீட்டர் மண்ணுக்கும் மணலுக்கும் கீழே. அந்த மண் முழுவதையும் அகற்றினால்தான் கரியைத் தொடலாம். கரிக்குக் கீழே மேல்நோக்கி அழுத்தும் ஊற்று நீரை இடைவிடாமல் இறைத்துக்கொண்டிருந்தால்தான் பள்ளத்தில் நிற்கலாம். ஆகவே, இந்த விறகைப் பொறுக்க முடியாது; அதன்மேலிருக்கும் ஊரையும் வயலையும் கிணற்றையும் எடுத்துவிட்டுத்தான் அதை எடுக்க முடியும். 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் யந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தியது என்றது ஒரு தரப்பு. நட்ட பயிர் எங்களுடையது என்றது மற்றொரு தரப்பு. வழக்கின் நியாயம் எப்படியிருந்தாலும், பயிர் தானாக விழவில்லை என்பதை அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் யாவரும் அறிவார்கள்.

நாவுக்கரசர் பெருமான் கையில் உழவாரப் படையை ஏந்திக் கோயில் கோயிலாகப் புல் செதுக்கினார் என்று படிக்கிறோம். அதுவும் மண்ணைத் தொட்ட கருவிதான். எடுப்பதைப் பார்த்து எடுத்த கருவி. நெய்வேலியில் சுழலும் வாளிச் சக்கரங்களைக் கண்டு பெருமை கொள்ளும் உரிமை நம் தேசத்துக்கு உண்டு. அந்நியர் ஆண்ட காலத்தில் இந்தக் கரியை வெட்டி ஒரு விளக்கும் ஏற்றப்படவில்லை. அதைச் செய்தது சுதந்திர இந்தியா. ஆனால் சுதந்திர தேசம் என்பது எடுத்ததைக் கணக்கில் வைக்கிற தேசமாகவும் இருக்க வேண்டும். 600 மெகாவாட் சக்தியுடன் விளங்கிய முதல் அனல் மின்நிலையம் 2020-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றுவிட்டது. எந்த விறகும் ஒருநாள் தீரும். தீர்ந்த பிறகு பள்ளமும் கணக்கும்தான் மிஞ்சும்.

விடை பெறும்போது குழந்தை, "அப்படியானால் நிலக்கரிக்கு என்ன அர்த்தம், தாத்தா?" என்று கேட்டாள். இத்தனை நேரம் லிக்னைட்டைப் பற்றிப் பேசியதில் அதை நாங்கள் இருவரும் விட்டுவிட்டோம்.

"நிலத்திலிருந்து கிடைக்கும் கரி, அம்மா. இன்னொரு பொருளும் சொல்லலாம். கரி என்றால் பழந்தமிழில் சாட்சி. திருவள்ளுவரும் அந்தப் பொருளில் வழங்கியிருக்கிறார்."

"நிலத்துக்குச் சாட்சியா?"

"ஆமாம். இங்கே காடு இருந்தது என்பதற்கு அது சாட்சி. ஊர் இருந்தது என்பதற்கு நாம்தான் சாட்சி. பரீட்சையில் இதை எழுதாதே, மார்க்குக் கொடுக்க மாட்டார்கள்" என்று சிரித்தார் முதியவர்.

அவள் புஸ்தகத்தைத் திறந்து, அச்சடித்த வரிக்குப் பக்கத்தில் பென்ஸிலால் ஏதோ எழுதிக்கொண்டாள். என்ன எழுதினாள் என்று நாம் எட்டிப் பார்க்கவில்லை.